வாசிக்கக் கற்றுத்தர நம் பயிற்சி ஆசிரியர்களுக்கு யார் கற்றுத்தருவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கப்பள்ளிகளில் திறன்பலகை வகுப்பறைகள் அமைவது பற்றியும் ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வழங்கப்படுவது பற்றியும் உங்கள் நாளிதழில் தொடர்ந்து படிக்கிறேன். 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட திறன்பலகை வகுப்பறைகள், ஏறத்தாழ 80 ஆயிரம் கைக்கணினிகள் என்பது சின்ன விஷயம் இல்லை. சுண்ணக்கட்டிக்கே கணக்குப் பார்த்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். இதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் நாளை இந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு முதல் வகுப்புப் பிள்ளை முன் நிற்கப்போகிறவர்களை நாம் எப்படித் தயார்செய்கிறோம் என்ற பேச்சே எங்கும் அடிபடுவதில்லை. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் பள்ளி செங்கம் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். பெற்றோர் பலர் கட்டட வேலைக்குப் பெங்களூரு போய்விடுவதால் பிள்ளைகளில் பாதிப்பேர் ஆயாவிடம் வளர்கிறவர்கள். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு படிக்கும் மாணவிகள் ஆண்டுதோறும் கற்பித்தல் பயிற்சிக்கு எங்களிடம் வருவார்கள். பெரும்பாலும் பக்கத்து ஊர்ப் பெண்கள், வீட்டில் முதல் தலைமுறையாகப் படிப்பவர்கள். காலையில் எங்களுக்கு முன்னால் வந்து வாசலில் நிற்பார்கள். அவர்களுடைய ஆர்வத்தைப் பற்றி யாராவது குறை சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முன்பெல்லாம் அவர்கள் சார்ட், மின்னட்டை, தெர்மாகோல் மாதிரி என்று துணைக்கருவி கொண்டுவருவார்கள். இப்போது செல்போனில் தாங்களே தயாரித்த காணொலி வருகிறது. பின்னணி இசை, ஓடும் முயல், பறந்து வந்து அமரும் எழுத்து என எல்லாம் இருக்கும். இரவு வெகுநேரம் கண்விழித்துச் செய்திருப்பார்கள். பயிற்சி நிறுவனத்திலிருந்து விரிவுரையாளர் ஒரு நாள் வருவார், ஒரு பாடவேளை உட்காருவார், பாடக்குறிப்பேட்டைப் பார்ப்பார், காணொலியைப் பாராட்டுவார், மதிப்பெண் போடுவார். பிள்ளைகள் திரையைப் பார்த்துச் சேர்ந்து பாடியிருப்பார்கள். வகுப்பு நன்றாகத்தான் நடந்திருக்கும்.

அப்படி ஒரு நாள் நடந்த வகுப்பில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். காணொலி முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு, புத்தகத்தில் ‘படம்’ என்ற சொல்லைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். “ப... ட... இம்” என்றான். சேர்த்துச் சொல்லப்பா என்றால், “பட இம்” என்றான். அடுத்து ‘கொடி’. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “கெ... கா... டி” என்றான். பக்கத்தில் நின்ற பயிற்சி மாணவியிடம், “இவன் ஏம்மா இப்படி வாசிக்கிறான்?” என்று கேட்டேன். “எழுத்து இன்னும் மனசுல பதியல டீச்சர். இன்னும் ரெண்டு தடவ வீடியோ போட்டா வந்துரும்” என்றாள்.

எழுத்து அவனுக்கு நன்றாகவே பதிந்திருந்தது. மெய்யெழுத்துகளை இக், இங், இச் என்று பாட்டாகவே பாடிப் பழகியவன் அவன். ‘ம்’ என்ற எழுத்தின் பெயர் ‘இம்’. அதையே அதன் ஓசை என்றும் எடுத்துக்கொண்டுவிட்டான். அதனால் சொல்லுக்குள் வந்தாலும் அதை ‘இம்’ என்றே உச்சரிக்கிறான். அன்று போட்ட காணொலியும் அதே இக், இங், இச்சைத்தான் இன்னும் உரக்கப் பாடியது. ‘கொடி’யில் அவனுக்கு வேறு சிக்கல். ‘கொ’ என்ற ஓர் ஓசைக்கு, எழுத்தில் முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் நிற்கின்றன. இடமிருந்து வலமாகப் படிக்கிற பிள்ளை கொம்பை ஒரு தடவையும் காலை ஒரு தடவையும் தனித்தனியாக வாசித்துவிடுகிறான். அவன் கண் சரியாகத்தான் பார்க்கிறது. இரண்டு குறியும் ஓர் உயிருக்கு உரியவை என்று யாரும் அவனுக்குக் காட்டித்தரவில்லை, அவ்வளவுதான். ஒரே பிள்ளையிடம் இரண்டு வெவ்வேறு சிக்கல். இரண்டுக்கும் வெவ்வேறு வழி வேண்டும். இரண்டுக்கும் அதே காணொலியைத் திரும்பப் போடுவது, நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதுதான்.

அந்த மாணவியை நான் குற்றம் சொல்லவில்லை. பிள்ளை வாசிப்பதைக் கூர்ந்து கேட்டு, எந்த இடத்தில் தட்டுகிறது என்று கண்டுபிடிக்க அவளுக்கு யாருமே கற்றுத்தந்ததில்லை. தமிழ் கற்பிக்கும் முறை ஒரு வகுப்பு, கணினிப் பயிற்சி வேறொரு வகுப்பு என்று அவள் படித்திருக்கிறாள். கணினி வகுப்பில் பவர்பாயின்ட் கற்றாள். தமிழ் வகுப்பில் கேட்டல், பேசல், படித்தல், எழுதுதல் என்று நான்கு திறன்களை எழுதினாள். இரண்டும் ஒரு பிள்ளையின் முன்னால் சந்திக்கவே இல்லை. எங்களிடம் வந்த மாணவிகள் ஏறக்குறைய எல்லாரும் இதையே சொன்னார்கள். அதன் பிறகு ஆசிரியர் தகுதித்தேர்வு. முதல் தாளில் 150 வினா, எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. தமிழ் மொழிப்பாடத்துக்கு 30 வினா. ஒரு பிள்ளை வாசிப்பதைக் கேட்டுப் பிழையைப் பிரித்தறியத் தெரியுமா என்று சோதிக்க அந்த முறையில் வழியே இல்லை. ஆக, ஒரு பெண் பட்டயம் வாங்கி, தேர்வும் எழுதி, முதல் வகுப்புக்கு ஆசிரியராக வந்து உட்காரும்வரை, வாசிக்கத் திணறும் ஒரு குழந்தையோடு தனியாகப் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டிய கட்டாயமே அவளுக்கு வருவதில்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு, கொரோனாவுக்குப் பிந்தைய நிலைமையை நினைவுபடுத்துகிறேன். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சென்று சோதிக்கும் ஏசர் ஆய்வின் 2022 அறிக்கையின்படி, தமிழ்நாட்டு ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 4.8 விழுக்காடு, 2018இல் அது 10.2 விழுக்காடாக இருந்தது. ஏசரின் அளவிடும் முறையைப் பற்றி ஆசிரியர்களுக்குள் வாதம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் 2021 நவம்பர் முதல் தேதி வகுப்பறைக் கதவைத் திறந்தபோது என் எதிரே உட்கார்ந்திருந்த மூன்றாம் வகுப்பை நான் மறக்கவில்லை. முதல் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்த பிள்ளைகள் அவர்கள்.

2022இல் வந்த, அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் பெரிய உதவி செய்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவர்கள் இருக்கும் நிலையில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை அது கொடுத்தது. வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்று நிலைவாரியாக வந்த கதைப் புத்தகங்கள் எங்கள் பள்ளியில் ஓரம் கிழிந்து கிடக்கின்றன, அவ்வளவு கைமாறியிருக்கின்றன. ஆனால் பயிற்சி என்பது மாநிலத்தில் கொடுத்ததை மாவட்டத்திலும், மாவட்டத்தில் கேட்டதை ஒன்றியத்திலும் சொல்லும் முறையிலேயே வருகிறது. எங்களிடம் வந்து சேரும்போது திரையில் படவில்லைகள் மிஞ்சுகின்றன. பிள்ளையை வைத்துக்கொண்டு செய்துகாட்டும் பகுதி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. அந்தப் படவில்லைகளைப் பார்த்த நாங்கள்தான் பயிற்சி மாணவிகளுக்கு வழிகாட்டும் ஆசிரியர்கள்.

என்ன செய்யலாம் என்பதற்கு, எங்கள் பள்ளியில் பயிற்சி மாணவிகளை வைத்துச் செய்து பார்த்த சிலவற்றைச் சொல்கிறேன். எதற்கும் இணையம் தேவையில்லை. எங்கள் ஊரில் சிக்னல் வருவதும் போவதும் மலையின் இஷ்டம்.

முதலாவது, செல்போனில் இருக்கும் குரல்பதிவு. எந்தப் போனிலும் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. மாணவி ஒரு பிள்ளையைத் திண்ணைக்கு அழைத்துப்போய், ஐந்தாறு வரியில் ஒரு சின்னக் கதையை வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்ய வேண்டும். இடையில் திருத்தக் கூடாது, எடுத்துக்கொடுக்கக் கூடாது. இந்த ஒன்றைப் பழகவே அவர்களுக்குச் சில நாளாகும். பிள்ளை நின்றால் உடனே சொல்லிக்கொடுக்கத்தான் வாய் வரும். மாலையில் பிள்ளைகள் போனபிறகு நாங்கள் அந்தக் கதையின் ஒரு படியைக் கையில் வைத்துக்கொண்டு பதிவைக் கேட்போம். எந்த எழுத்தில் நின்றான், எதை ஊகித்தான், படத்தைப் பார்த்துச் சொன்னது எது, ‘செடி’ என்று இருப்பதைப் ‘பூ’ என்று ஏன் சொன்னான் என்று ஒவ்வொன்றாகக் குறிப்போம். வகுப்பில் இருபது பிள்ளை இரைச்சலுக்கு நடுவே காதில் விழாதது, நிறுத்தி நிறுத்திக் கேட்கும்போது விழும். முதல் முறை கேட்டுவிட்டு, “இவன் வாசிக்கவே மாட்டான்னு நெனச்சேன் டீச்சர். கொம்பு வர்ற எழுத்துல மட்டும்தான் நிக்கிறான்” என்று அதே மாணவி சொன்னாள். அவள் சொன்னது சரி. அந்த நிமிடத்திலிருந்து அவளுக்கு என்ன பாடம் நடத்த வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

சில வாரம் கழித்து அதே பிள்ளையை அதே கதையை வாசிக்கவைத்து, பழைய பதிவையும் புதியதையும் அவனுக்கே போட்டுக் காட்டுவோம். தன் குரலைக் கேட்டதும் முதலில் வெட்கப்படுவார்கள். பிறகு, “டீச்சர், அப்ப நான் தப்பா படிச்சிருக்கேன்” என்று அவர்களே சொல்வார்கள். அந்த மகிழ்ச்சியை வேறு எந்தச் செயலியும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது, தமிழ்99 விசைப்பலகை. 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. நம் பயிற்சி மாணவிகள் எல்லாரும் போனில் ஆங்கில எழுத்தைத் தட்டித்தான் தமிழை வரவழைக்கிறார்கள். தமிழ்99 என்ற பெயரே பலருக்குப் புதிது. அதில் இடக்கைப் பக்கம் உயிரெழுத்துகள், வலக்கைப் பக்கம் மெய்வரிசை. ‘க’வைத் தட்டி ‘ஒ’வைத் தட்டினால் திரையில் ‘கொ’ வரும். கொம்பும் காலும் ஒரே தட்டில், ஒன்றாக வந்து நிற்கும். ‘கெ... கா...’ என்று வாசித்த பையன் அதைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தான். ‘சொ’, ‘மொ’, ‘பொ’ என்று தானாகவே போனான். ‘இம்’ பிரச்சினைக்கும் இதில் வழி உண்டு. ‘ம’வைத் தட்டி “ம” என்று சொல்லச் சொல்வோம்; பிறகு புள்ளிக்கு உரிய விசையைத் தட்டச் சொல்வோம். எழுத்தின் தலையில் புள்ளி விழும். ஓசையை உதட்டோடு நிறுத்தச் சொல்வோம். ப, ட, ம, புள்ளி. “படம்.”

உகர வரிசைக்கு இது இன்னும் உதவும். கு, சு, டு, து என்று ஓசை ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாய்ச் சுழிக்கும். பிள்ளைகள் மிகவும் திணறும் இடம் அது. விசைப்பலகையில் எல்லாவற்றுக்கும் ஒரே ‘உ’. ஓசை ஒன்று, வடிவம்தான் மாறுகிறது என்பது விரலுக்குப் புரிகிறது. அதன் பிறகு பலகையில் கையால் எழுதியே தீர வேண்டும். எழுத்தின் சுழிப்பு கைக்கு வருவதற்குத் தட்டச்சு போதாது. பயிற்சி மாணவிகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

மூன்றாவது, திறன்பலகை. பிள்ளைகள் வீட்டில் பேசும் பேச்சுக்கும் புத்தகத்தில் இருக்கும் தமிழுக்கும் இடைவெளி பெரிது. எங்கள் பக்கத்தில், “எங்க ஆயா ஆட்ட ஓட்டிகினு போச்சி” என்பார்கள். குரலை எழுத்தாக்கும் வசதியில் இதைப் பேசிப் பார்த்தோம். அதற்கு இந்தப் பேச்சு பிடிபடவில்லை, ஏதேதோ எழுதியது. ஆகவே பிள்ளை சொல்லச் சொல்ல மாணவியே தட்டச்சு செய்வாள், பிள்ளை சொன்னபடியே. பலகையில் பெரிய எழுத்தில் தன் வாக்கியம் வருவதைப் பிள்ளை பார்க்கும். தான் சொன்னது என்பதால் வாசிக்கவும் வரும். அதற்குக் கீழே, “எங்கள் ஆயா ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்” என்று புத்தகத் தமிழில் இன்னொரு வரி. எது மாறியது என்று வகுப்பே வட்டம் போட்டுக் காட்டும். பேச்சைத் தப்பு என்று சொல்லாமல் எழுத்துத் தமிழுக்கு அழைத்துவர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கரும்பலகையிலும் செய்யலாம். ஆனால் நேற்றைய வாக்கியத்தையும் போன மாதத்து வாக்கியத்தையும் திரும்ப எடுத்துப் படிக்கச் சேமித்து வைத்துக்கொள்வது திறன்பலகையில்தான் முடிகிறது.

பிள்ளை உரக்க வாசிப்பதைக் கேட்டு நட்சத்திரம் கொடுக்கும் ரீட் அலாங் போன்ற செயலிகள் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 ஜூனில் இல்லம் தேடிக் கல்வி மையங்கள் வழியாக நடந்த வாசிப்பு மாரத்தானில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் 263 கோடி சொற்கள் வாசித்தார்கள். ஓரளவு எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு நிறைய வாசித்துப் பழக அந்தச் செயலி நல்ல துணை. ‘பட இம்’ என்று நிற்கும் பிள்ளைக்கு அதில் நட்சத்திரம் சேர்ப்பது கடினம். ஏன் சேரவில்லை என்பதும் ஆசிரியருக்குத் தெரியவராது. எந்தப் பிள்ளைக்கு, எந்தக் கட்டத்தில் என்று முடிவுசெய்ய வேண்டியவர் ஆசிரியர். அந்த முடிவை எடுக்கப் பழக்குவதுதான் பயிற்சி.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயிற்சி மாணவிகள் எங்கள் பள்ளிக்கு வந்ததும் முதலில் பார்ப்பது, தலைமையாசிரியை கைக்கணினியில் வருகைப்பதிவு, காலை உணவு, அந்த விவரம், இந்த விவரம் என்று பதிவேற்றிக்கொண்டிருப்பதைத்தான். ஆசிரியர் கையில் கருவி என்றால் அது மேலே தகவல் அனுப்புவதற்கு என்ற எண்ணம் அவர்கள் மனதில் முதல் நாளே விழுகிறது. எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் விவரம் பதியும் வேலையைக் குறைக்கச் சொல்லி ஆசிரியர்கள் கேட்பது சோம்பலால் அல்ல.

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு உங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பில் ஒவ்வொரு மாணவரும் மூன்று நான்கு பிள்ளைகளின் வாசிப்பைத் தொடர்ந்து பின்பற்ற வேண்டும் என்று வையுங்கள். வாசிப்புப் பதிவு, அதில் கண்ட பிழைகள், அதற்காகச் செய்தது, பிறகு எடுத்த பதிவு ஆகியவையே அவருடைய ஆவணமாக இருக்கட்டும். காணொலிக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணை இதற்குக் கொடுங்கள். பயிற்சி நிறுவனத்தில் தமிழ் விரிவுரையாளரும் கணினி தெரிந்தவரும் சேர்ந்து உட்கார்ந்து, அந்தப் பதிவுகளை மாணவர்களோடு கேட்க வேண்டும். வாரம் ஒரு பாடவேளை போதும். விரிவுரையாளர்களும் பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் வாரத்தில் ஒரு காலையாவது முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்பிக்கட்டும். பல ஆண்டுகளாகப் பிள்ளைகளிடமிருந்து விலகி இருப்பவர்களால் இதைச் சொல்லித்தர முடியாது. வழிகாட்டும் பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும்போது பேருந்து வசதியை மட்டும் பார்க்காமல், அங்கே யாராவது பிள்ளைகள் வாசிப்பதைத் தனித்தனியாகக் கேட்கிறார்களா என்றும் பாருங்கள்.

பிள்ளைகளின் குரலைப் பதிவுசெய்வதற்கு முன் பெற்றோரிடம் கேட்க வேண்டும். நாங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுகிறோம். பெங்களூரில் இருக்கும் பெற்றோரிடம் போனில் கேட்கிறோம். பதிவு வாட்ஸ்அப் குழுவுக்கோ ஸ்டேட்டஸுக்கோ போகக் கூடாது. பயிற்சி முடிந்து கிளம்பும் நாளில் மாணவியின் போனிலிருந்து அழித்துவிட்டுத்தான் விடுவிப்புக் கடிதம் கொடுக்கிறேன். பாடத்திட்டத்தில் இதைச் சேர்ப்பதாக இருந்தால் இந்த விதியையும் சேர்த்தே எழுதுங்கள். எங்கள் முறையைப் பார்க்க விரும்பும் விரிவுரையாளர்கள் எந்த வேலைநாளிலும் வரலாம். வாசிப்பு நேரம் காலை உணவு முடிந்த உடனே தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை ஒருவர்,
திருவண்ணாமலை மாவட்டம்.